மா பன்னிரண்டு

மாசியா, மார்ச்சா? இந்த ஒற்றை எழுத்தோடு கோகிலவாணி அரை மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காங்கிரீட் கல்லின் தலையில், ஈரம் காய்வதற்கு முன்னால் எவனோ ஆணியால் கீறி வைத்திருந்தான்: மா 12. அவ்வளவுதான். கூட ஒரு சி போட்டிருந்தால் மாசி. ஒரு ர் போட்டிருந்தால் மார்ச். ஆணியை இன்னும் ஒரு அங்குலம் இழுக்க அவனுக்கு என்ன கேடு? மாசி பன்னிரண்டு என்றால் பிப்ரவரி இருபத்து நான்கு, இன்றோடு கச்சிதமாக இருபத்தெட்டு நாள். மார்ச் பன்னிரண்டு என்றால் இன்றோடு வெறும் பன்னிரண்டு நாள். காங்கிரீட்டுக்கு இருபத்தெட்டு நாள்தான் கெடு. கட்டடத்தில் கொட்டும் அதே கலவையில் அரையடிக்கு அரையடி கல்லாக மூன்று வார்த்து, இருபத்தெட்டாம் நாள் எந்திரத்தில் வைத்து நசுக்கி, இவ்வளவு பாரம் தாங்குகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஈரோட்டில் ஒரு பழைய தறிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துப் பரிசோதனைக் கூடம் என்று போர்டு மாட்டிய இந்த இடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவள் பிழைப்பு அதுதான். மற்றவர்கள் பிள்ளை பெற்றால் நட்சத்திரம் கேட்பார்கள், அவள் கல்லைப் பார்த்தால் பிறந்த தேதி கேட்பாள். இந்த மூன்று கல்லுக்கும் பிறந்த தேதி இல்லை, ஒரு மா இருக்கிறது. கொத்து வேலைக்காரன் கீறியிருந்தால் மாசி. அவர்களுக்குத் தமிழ் மாசம்தான் கணக்கு, அஷ்டமி நவமியில் காங்கிரீட் போட மாட்டார்கள். சைட்டில் படித்த பையன் எவனாவது கீறியிருந்தால் மார்ச். ஆனால் படித்த பையன் தமிழில் மா போடுவானா, பன்னிரண்டு கோடு மூன்று என்றல்லவா போடுவான். அப்போ மாசி. ஆனால் கொத்து வேலைக்காரன் மாசம் எழுதினால் முழுசாக எழுதுவானே, அவனுக்கென்ன அவசரம். அப்போ மார்ச். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

“மணி என்னாச்சுங் மேடம்?” என்றான் எதிரே உட்கார்ந்திருந்த சென்னியப்பன். கடிகாரம் அவன் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது, திரும்பினால் தெரியும். வந்ததிலிருந்து ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டான். அவன் கேட்கும்போதெல்லாம் எந்த மணியைக் கேட்கிறான் என்று அவளுக்கு ஒரு நொடி தடுமாறியது, எரிச்சலே அதில்தான். நேரத்துக்கும் மணி, காசுக்கும் இங்கிலீஷ்காரன் வைத்தது மணி, மணியார்டர் வந்த காலத்திலிருந்து இந்த ஊர் வாயில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. “மூணு பத்து,” என்றாள். சென்னியப்பன் காண்ட்ராக்டரிடம் பேப்பர் வேலை பார்ப்பவன். கல்லைக் கொண்டுவந்து கொடுப்பான், சர்டிபிகேட் வாங்குவான், அதைச் சர்க்கார் ஆபீசில் சேர்த்துப் பில் பாஸ் ஆகும்வரை வராந்தாவில் நிற்பான். முப்பத்தஞ்சு வயசிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா. ஓலக்காட்டுப்புதூரில் பன்னிரண்டு தூண்களின் மேல் புதிதாகக் கட்டியிருக்கும் ரெண்டு லட்சம் லிட்டர் குடிதண்ணீர்த் தொட்டிக்கு, கடைசியாகப் போட்ட மேல்மூடியின் கல் என்று சொல்லித்தான் இந்த மூன்றையும் காலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட இறக்கிவிட்டுப் போனான், மத்தியானம் திரும்பி வந்தான். “அஞ்சு மணிக்குள்ள ஆபீசுல குடுத்துப்போட்டா இந்த மாசமே பில்லு பாஸாயிருமுங். முப்பத்தொண்ணு தாண்டிருச்சுன்னா அடுத்த வருசத்துக் கணக்குங் மேடம், அப்பறம் ஆடியோ ஆவணியோ.” அவன் வாயில்கூட மார்ச்சுக்குப் பின்னால் ஆடி வந்தது. இந்த ஜில்லாவில் எல்லோர் தலையிலும் ரெண்டு காலண்டர் ஓடுகிறது, மாட்டிக்கொண்டவள் அவள்.

முதலாளி ரத்தினசபாபதி மத்தியானம் போன் செய்து, “சென்னியப்பன் வருவான், பாத்து முடிச்சுக் குடுத்துருங்கம்மா,” என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பாத்து. இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனைக் கூப்பிட்டு மாலை போட வேண்டும். பாத்துச் செய்யுங்க என்றால் பார்க்காமல் செய்யுங்க என்று அர்த்தம், பாத்துக் குடுங்க என்றால் எண்ணாமல் குடுங்க என்று அர்த்தம். அவளும் பார்க்காமல் இருந்திருக்கலாம். முதல் கல்லை எந்திரத்தில் வைத்தபோது அறுநூற்று எழுபத்தைந்தைத் தாண்ட வேண்டிய முள், ஐந்நூற்று முப்பத்தொன்றில் நின்றது, கல் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. சரி, ஒரு கல் அப்படித்தான் என்று இரண்டாவதை வைத்தாள். ஐந்நூற்று முப்பத்தெட்டு. அதாவது முப்பது பலம் வேண்டிய இடத்தில் இருபத்துமூன்று சொச்சம். முள் நிற்கும்வரை மாசி மாசி என்று சத்தியம் செய்துகொண்டிருந்த சென்னியப்பன், முள் நின்றதும் “மார்ச்சா இருக்குமாட்டத் தெரியுதுங்,” என்றான். “மாசின்னா இது பெயிலுங்க. மார்ச்சுன்னா பன்னெண்டு நாள் கல்லுக்கு இது தேவலாம், ஆனா பதினாறு நாள் கழிச்சு வேற கல்லோட வரணும்,” என்றாள். அவன் கொஞ்சமும் வெட்கமில்லாமல், “நமக்கு மாசியும் வேணுமுங், பாஸும் வேணுமுங்,” என்று சொல்லி, காகிதங்கள் வைத்த ஃபைலை மேஜையில் இன்னும் ஒரு சாண் அவள் பக்கமாகத் தள்ளினான். ஃபைலுக்குள் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. மூன்றாவது கல் இன்னும் எந்திரத்தின் பக்கத்தில் உடையாமல் இருந்தது, மாவும் பன்னிரண்டும் நன்றாகத் தெரியும்படி.

கவரை அவள் திறக்கவில்லை. திறக்க வேண்டியதில்லை, கட்டை விரல் போதும். நூறு நோட்டுக் கட்டு பதினோரு பன்னிரண்டு மில்லிமீட்டர் வரும், இது ஒன்பது இருக்கும், ஐந்நூறு ரூபாய்த் தாள் என்றால் நாற்பதாயிரத்தைத் தொடும். அளந்து அளந்து பழகிய கையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது. நாற்பதாயிரம். நாற்பதாயிரத்துக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வரும், அறச்சலூர் ஒர்க்‌ஷாப்பில் ஒன்று நிற்கிறது, நீலக் கலர், ஒரு டீச்சரம்மா ஓட்டியது, முப்பத்தெட்டு சொல்கிறான். காசாக நினைத்துப் பார்த்தபோது எல்லாமே லேசாக இருந்தது, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். காசை நடுவில் வைத்துவிட்டால் சுற்றி இருப்பதெல்லாம் காசாகவே தெரிகிறது. மேல்மூடி என்ன ஒரு நாலு லட்சம் பெறும், காண்ட்ராக்டருக்குப் பில் ஒன்றே முக்கால் கோடி, ஆபீசில் ஆளாளுக்கு எவ்வளவு எவ்வளவு என்று இவளுக்குத் தெரியாதா, அதில் இந்த நாற்பது ஒரு ஓரத்துத் தூசி. யாருடைய காசு யார் வாங்குகிறார்கள், யாருக்கு நஷ்டம், ஒருவருக்கும் இல்லை. கணக்கு முடிந்தது. அதற்குள் அவள் எங்கேயும் இல்லை, கோகிலவாணி என்ற ஒரு மனுஷி அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் வரவே இல்லை, வந்தது ஒரு கையெழுத்து மட்டும். நாளாக நினைத்தால்தான் சனியன், நடுவில் அவள் வந்து நின்றுகொள்கிறாள். இருபத்திரண்டு வருஷம், வருஷத்துக்கு ஆறாயிரம் கல் என்று வைத்தாலும் லட்சத்துக்கு மேல், நசுக்கியது அத்தனையும் தூளாகிப் பின்பக்கம் குழியில் கிடக்கிறது. நாற்பத்தேழு வயசு. அம்பத்தெட்டு வரை ஓட்டினால் இன்னும் பதினொன்று. இத்தனை வருஷம் என்னம்மா செய்தாய் என்று எவராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு சுவர் உண்டா, ஒரு படிக்கட்டு உண்டா, கையெழுத்துதான் உண்டு. அந்த ஒன்றைத்தான் இவன் ஃபைலைத் தள்ளிக் கேட்கிறான்.

ஆனால் மனசு லேசுப்பட்டதா. அது அந்த நாளையும் எடுத்துக் காசாக்கத் தெரிந்தது. அறச்சலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் வீட்டிலிருந்து இங்கே வர ரெண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். போக ஒன்றரை. நாலு நாற்பது பஸ்ஸை விட்டால் ஐந்தே முக்கால் டவுன் பஸ், அதில் நின்றுகொண்டே போக வேண்டும், மில்லில் ஷிப்ட் விட்ட கூட்டத்தின் முழங்கை எல்லாம் விலாவில் இருக்கும். ஸ்கூட்டர் என்றால் நாற்பது நிமிஷம். தினமும் ஒரு மணி நாற்பது நிமிஷம் மிச்சம், மாசத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல், பதினொரு வருஷத்துக்கு என்று மேஜை விளிம்பில் விரலாலேயே பெருக்கிப் பார்த்தாள், ஏழு மாசம் போல வந்தது. முழுசாக ஏழு மாசம், ராத்திரி பகல் சேர்த்து. அப்படியானால் அந்தக் கவரில் இருப்பது பணமே இல்லை, அவளிடமிருந்து பஸ்காரன் பிடுங்கிக்கொண்ட ஏழு மாசம். அதைத் திரும்ப வாங்குவது லஞ்சமா? இவ்வளவு அழகாக யோசிக்கத் தெரிந்ததற்கு அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தும் கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது, மறுபடி பெருக்கிப் பார்த்தாலும் ஏழு மாசம் வந்தது. மின்விசிறி க்ரீச் க்ரீச்சென்று சுற்றியது. அதற்கு எண்ணெய் விடச் சொல்லி தைமாசமே எழுதிக் கொடுத்தாயிற்று. தைமாசம், ஜனவரி, ஏதோ ஒரு மாசம்.

இன்னொன்றும் இருந்தது, அதுதான் எல்லாவற்றையும்விட வழுக்கல். இது மார்ச் கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு முக்கால் நிச்சயம். பன்னிரண்டு நாளில் இருபத்துமூன்று என்றால் இருபத்தெட்டாம் நாள் முப்பதைத் தொட்டாலும் தொடும். இவள் இன்றைக்கு எழுநூறு என்று பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், பதினாறு நாள் போனால் தொட்டியின் மூடி தானாகவே அந்தப் பொய்யை நிஜமாக்கிவிடும். காகிதம் ஆபீசில் பீரோவுக்குள் தூங்கும், மேலே வெயிலில் காங்கிரீட் யாரையும் கேட்காமல் இறுகிக்கொண்டிருக்கும். அப்புறம் அது பொய்யா, கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மையா? அதுவும் மூடி. தூண் இல்லை, உத்தரம் இல்லை, வெறும் மூடி. பானைக்கு மூடி சரியில்லை என்று யாராவது செத்திருக்கிறார்களா, காக்கை விழாமல் இருந்தால் போதும். நாளைக்கு ஒரு பேச்சு வந்தாலும், மா 12 என்று கல்லிலேயே இருக்கிறதே, மாசி என்று நினைத்தேன் என்று சொல்லிவிடலாம். எந்தத் தமிழன் அதை மறுப்பான். கடவுளே பார்த்து அந்த சி-யை அழித்துவிட்டு அவளுக்கென்று ஒரு சந்து விட்டுவைத்த மாதிரி இருந்தது. சந்து இவ்வளவு வசதியாக இருந்ததுதான் உறுத்தியது. வசதியாக இருப்பதையெல்லாம் சந்தேகப்படும் இந்தப் புத்தியை எந்தப் பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுத்தார்கள், கூடப் படித்தவர்களுக்கெல்லாம் இல்லையே, அவர்கள் எல்லோரும் கார் வைத்திருக்கிறார்களே.

அவளுக்குத் தெரியாமல் கால் நினைவுக்கு வந்தது. அவள் கால் இல்லை, நாச்சிமுத்துவின் கால். நாலு வருஷத்துக்கு முன் புருஷனுக்குச் சர்க்கரையில் பாதத்தில் புண் வந்து ஆறாமல் கிடந்தபோது, புண்ணிலிருந்து எடுத்ததைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்க்க வேண்டும், ரெண்டு நாள் ஆகும் என்று டாக்டரே சொன்னார். காலை பதினொரு மணிக்குக் கொடுத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிசல்ட் வந்துவிட்டது, கிருமி இல்லை என்று. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. ரெண்டு நாளில் வளர வேண்டியது ஆறு மணி நேரத்தில் வளரவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது, அவளும் அதே தொழில்தானே, கல்லென்ன சதையென்ன. வாயைத் திறக்கவில்லை. நல்ல ரிசல்ட்டை யாராவது சண்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பார்களா. மாத்திரையை நிறுத்தினார்கள். கால் ஆறிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் தாங்க முடியாதது. ஏதாவது ஆகியிருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம், அப்போது எது சரி எது தப்பு என்று தெளிவாக இருந்திருக்கும். இப்போது நாச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் அந்தப் பாதத்தைப் பார்க்கிறாள், நாலு வருஷமாகப் பார்க்கிறாள், அவர் என்ன பார்க்கிறே என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். அந்தக் கிறுக்கலைப் போட்டவள் யாரென்று தெரியாது. பெண்ணென்றுதான் ஏனோ அவளுக்குத் தோன்றியது. அவளுக்கும் ஒரு நாலு நாற்பது பஸ் இருந்திருக்கும்.

“மேடம், நான் வேணும்னா எந்திரிச்சு வெளிய நிக்கட்டுங்களா? நீங்க நிம்மதியா எழுதுங்,” என்றான் சென்னியப்பன். நிம்மதியாக எழுத வேண்டுமாம். “உக்காருங்க. நீங்க இருந்தாலும் இல்லீன்னாலும் எழுத்து அதேதான்,” என்றாள், அதைச் சொல்லும்போதே எந்த எழுத்து என்று தெரியாமல்தான் சொன்னாள். மூன்று நாற்பது ஆகிவிட்டது. படிவத்தை எடுத்தாள். வேலையின் பெயர், எழுதினாள். காங்கிரீட் வகை, எழுதினாள். வார்த்த தேதி. பேனா நின்றது. அந்தக் கட்டத்தில் மா என்று எழுத முடியாது, தேதி வேண்டும், மாசம் வேண்டும், வருஷம் வேண்டும். அதற்குப் பக்கத்துக் கட்டம் கல்லின் வயது. நாற்பத்தேழு என்று எழுதிவிடலாமா என்று தோன்றிச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் கசந்தது. எழுநூறு என்று நம்பரைப் பொய்யாக எழுதக் கை ஏறக்குறையத் தயாராகிவிட்டது, அதை அவள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் இந்தத் தேதிக் கட்டம் மட்டும் மாட்டேன் என்றது. பொய் சொல்வதற்கும் ஒரு நிஜம் தேவைப்படுகிறது, எங்கேயாவது ஒரு காலை ஊன்ற வேண்டியிருக்கிறது. யாராவது ஒருத்தர் வாயால் மாசி என்று சொல்லிவிட்டால் போதும். அப்புறம் அது அவர் சொன்னது, இவள் எழுதினது. பழி பாதியாகிவிடும், ராத்திரி தூக்கம் முழுசாக வரும். “கல்லுப் போட்ட மேஸ்திரி நெம்பர் குடுங்க,” என்றாள்.

சென்னியப்பன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவனும் அதே சந்துக்குள்தான் எட்டிப் பார்த்தான். “மாரப்ப மேஸ்திரிங். நானே போட்டுத் தர்றனுங்,” என்று தன் போனிலிருந்தே கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, அவள் கேட்பதற்கு முன்னால் முந்திக்கொண்டான். “ஏனுங் மேஸ்திரி, நம்ம தொட்டி மேல்மூடிக் கல்லுல மா பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்கல்லங், அது மாசி பன்னெண்டுதானுங்களே, மேடம் கேக்கறாங்.” இப்படிப் பதிலை ஊட்டிவிட்டுக் கேள்வி கேட்கும் சாமர்த்தியத்தை அவள் அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாங் என்று ஒரு வார்த்தை வந்தால் முடிந்தது. அவள் பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டே காத்திருந்தாள், அதை அவள் பின்னால் எத்தனையோ நாள் நினைத்துக் கூசினாள், பேனா காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் எங்கேயோ கலவை மெஷின் ஓடுகிற சத்தம். “மாசியா? எந்த மாசிங்?” என்றது ஒரு வயசான குரல். “மா-ங்கறது நானுங். மாரப்பன். நம்ம ஆளுக கல்லும் அந்த பவானிக்கார மேஸ்திரி கல்லும் கலந்து போயிருமுன்னு நான் எம் பேரக் கீறி உட்டுருவனுங். எனக்குத் தெரிஞ்ச எழுத்தே அதுதான் அம்முணி.”

“அப்ப பன்னெண்டு?” என்றாள் கோகிலவாணி. “பன்னெண்டாம் நெம்பர்த் தூணுங். நடுவால நாலு தூணு இருக்குதுல்லங், அதுல கடைசி.” சென்னியப்பன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “மேஸ்திரி, இது மேல்மூடிக் கல்லுங். மரத்தடிக் குழித் தண்ணியில மேலாப்புல கெடந்துச்சே, அதுங்,” என்றான். “மேலாப்புல இருந்தா அது மூடி ஆயிருமா சாமி. மூடி போட்டப்ப நாங் கோபியில இல்லீங்களா இருந்தேன், அதுக்குக் கல்லுப் போட்டாங்களோ இல்லையோ எனக்கென்ன தெரியும். நீ சொல்றது தூணுக் கல்லு. தீபாவளி கழிஞ்சு ஐப்பசி மழையில போட்டது. மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுது, சல்லியெல்லாம் தண்ணி, கலவை கஞ்சியா ஓடுது. நாளைக்குப் போட்டுக்கலாமுன்னு நாங் கையெடுத்துக் கும்புட்டேன். கலவை லாரி வந்து நிக்குது, ஒரு நாளு தள்ளுனா லாரி வாடகை இவ்வளவு, ஆளுக் கூலி இவ்வளவுன்னு கணக்குச் சொல்லிப்போட்டு அன்னிக்கே போடச் சொல்லிட்டாங்க. ஏன் அம்முணி, கல்லு உடைஞ்சுதுங்களா?” ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி. விரல் தானாக மடங்கியது. நூற்று இருபது நாளுக்குக் குறையாது. இனி அது இறுகப் போவதில்லை, இறுக வேண்டியதெல்லாம் இறுகி முடிந்துவிட்டது, மார்கழிப் பனியும் மாசி வெயிலும் வாங்கி ஆற அமர இருந்து வந்த கல்தான் இருபத்துமூன்றில் நொறுங்கியது. பதினாறு நாள் பொறுத்தால் உண்மையாகிவிடும் என்று நினைத்தாளே, பதினாறு வருஷம் பொறுத்தாலும் ஆகாது. இதை மார்ச் என்று வைத்து, பெரிய யோக்கியம் போலப் பதினாறு நாள் கழித்து வாங்க என்று திருப்பி அனுப்பியிருந்தாலும் இதே கதிதான், வேறு எங்கிருந்தோ மூன்று நல்ல கல் வந்திருக்கும், அதற்குச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பாள். அரை மணி நேரமாக அவள் தராசில் வைத்து நிறுத்ததில் நல்லவள் தட்டும் தப்பு, கெட்டவள் தட்டும் தப்பு. மூடி என்று நினைத்தது தூண்.

“தொட்டியில தண்ணி இருக்குதா?” என்று கேட்டாள். “இருக்குதுங்,” என்றான் சென்னியப்பன். “ஒழுகுதான்னு பாக்க நேத்துக் காத்தால ரொப்புனமுங். ஏழு நாளைக்கு வெச்சுப் பாக்கோணுமில்லீங்.” ரெண்டு லட்சம் லிட்டர், இருநூறு டன். அவள் எழுந்தாள். மூன்றாவது கல்லைத் தூக்கி எந்திரத்தில் வைத்தாள், மோட்டாரைப் போட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது, மூன்றும் உடைத்துச் சராசரி எழுத வேண்டும் என்பது முறை, கைக்கு அந்த முறைதான் தெரியும். முள் ஏறியது. இருவரும் முள்ளையே பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் போயேன் என்று அவள் அந்த முள்ளைக் கெஞ்சினாள், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தக் கல்லுக்காகவும் அப்படிக் கெஞ்சியதில்லை. ஐந்நூற்றுப் பன்னிரண்டில் கல் சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினாள். வார்த்தது ஐப்பசி, மேஸ்திரி வாய்மொழி. பன்னிரண்டாம் தூண். வயது நூற்று இருபது நாளுக்கு மேல். ஐந்நூற்று முப்பத்தொன்று, ஐந்நூற்று முப்பத்தெட்டு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு. தேறவில்லை. ரத்தினசபாபதி நாளைக்கு என்ன சொல்வார் என்று ஒரு பயம் வந்தது, வேலை போகும் என்ற பயம், அது நிஜமான பயம்தான், ஆனால் அதற்கு இப்போது வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு ஃபைலை அப்படியே, கவரோடு, அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதைப் பார்க்கவே இல்லை. போனில் பேசிக்கொண்டிருந்தான். காண்ட்ராக்டரிடம் இல்லை, தொட்டி ஆபரேட்டரிடம். “முத்தான், கீழ் வால்வைத் தொறந்து உடு. முச்சூடும் உடு. ... யார் சொன்னாங்கன்னா, நாஞ் சொல்றேன். ... ரோட்டுல ஓடுனா ஓடட்டும். ... தொட்டிக்குக் கீழ ரேசன் கடையில நிக்கறவிகளை எந்திரிச்சுப் போகச் சொல்லு, பாமாயில் நாளைக்கு வாங்கிக்கலாமுன்னு சொல்லு.” போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். “எங்கம்மாவும் அங்கதான் வரிசையில நிக்கும், பச்சைச் சேலை. காது கேக்காது, கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போ.” போனை வைத்துவிட்டு அதையே பார்த்தபடி இருந்தான். உடனே காண்ட்ராக்டர் பெயர் திரையில் வந்து அடித்தது, அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

“தண்ணி பூரா எறங்க எவ்வளவு நேரமாகுமுங் மேடம்?” என்றான். நாலங்குல வால்வு, ரெண்டு லட்சம் லிட்டர், அவள் மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். “மூணு மணி நேரம் ஆகும்,” என்றாள். அவன் தலையை ஆட்டினான். நாலு நாற்பது பஸ் போகிற சத்தம் மெயின் ரோட்டிலிருந்து வந்தது. அவள் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அம்மாவை இழுத்துட்டுப் போயிட்டானான்னு மறுபடி ஒருதரம் கேளுங்க,” என்றாள். அவன் நம்பரைப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.